போகியில் எரியாத துணி

கல்யாணமாகி நான் திருவொற்றியூருக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் எனக்குக் கொடுத்த முதல் பரிசு ஒரு ஜோடி கரித்துணி. அடுப்பிலிருந்து குண்டான் இறக்குகிற துணிதான். மற்ற பெண்களுக்குப் புடவை வரும், கொலுசு வரும். எனக்கு வந்தது இது. ஆனால் லேசுப்பட்ட கரித்துணி இல்லை. சாம்பல் கலந்த வெள்ளையில், கம்பளி போலத் தடிமனாக, நான்கு ஓரமும் அவரே கையால் மடித்துத் தைத்தது. கொதிக்கிற குண்டானைத் தூக்கினாலும் கைக்குச் சூடே தெரியாது. "கம்பெனி சரக்கும்மே, கடையில கெடைக்காது" என்றார். நகைக்கடை முதலாளியின் பெருமை முகத்தில். நானும் மயங்கித்தான் போனேன்.

எண்ணூர், மணலி பக்கம் பாய்லர் இருக்கிற இடங்களில் நீராவிக் குழாய்களுக்குத் துணி சுற்றுவது அவர் வேலை. சூடு வெளியே போய்விடாமல் குழாய்க்கு ஸ்வெட்டர் போட்டுவிடுகிற மாதிரி. அந்தத் துணிக்குப் புத்தகத்தில் கல்நார் என்று பெயர். எங்கள் பக்கத்தில் ஆஸ்பெட்டாஸ் துணி. தீபாவளிக்கு மற்ற காண்டிராக்டர்கள் ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார்கள். இவருடைய காண்டிராக்டர் மீந்துபோன துணியில் ஆளுக்குக் கொஞ்சம் கிழித்துக் கொடுப்பார். ஸ்வீட் ஒரே நாளில் தீர்ந்துபோகும், இது ஆயுசுக்கும் கூடவே இருக்கும் என்று சொல்லித்தான் கொடுப்பாராம். அந்த மனுஷன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற கை. தெருவில் கல்யாணம் என்றால் ஒரு ஜோடி கரித்துணி, புது ஸ்டவ் வாங்கினால் அதற்குக் கீழே போட ஒரு சதுரம். இஸ்திரிக்காரர் தன் வண்டி மேல் விரித்துக்கொள்ள ஒரு நீளத் துண்டு. இருப்பதிலேயே பெரிய துண்டு எதிர்வீட்டு அக்காவுக்குப் போனது. அக்கா காலையில் இட்லி விற்பவள். மற்ற நேரமெல்லாம் தெருக்கோடி அம்மன் கோயிலின் மொத்த நிர்வாகமும் அவள்தான். ஆடி மாதம் கூழ் ஊற்றுவது, மைக்செட்டுக்கு வசூல் பண்ணுவது, வெள்ளிக்கிழமைகளில் சாமி வந்து ஆடுவது, எல்லாம் அவள் பொறுப்பு. இட்லிக் குண்டானைச் சுற்றிப் போர்த்துவதற்குப் போர்வை அளவில் அவளுக்கு ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார். ஆக, எங்கள் தெருவில் ஆஸ்பெட்டாஸ் இல்லாத வீடு கிடையாது. தலைக்கு மேல் ஷீட்டாக இருக்கும், கைக்குள் துணியாக இருக்கும்.

பிறகு அவர் இரும ஆரம்பித்தார். நாங்கள் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் இருமாமல் இருப்பவரைத்தான் உடம்புக்கு என்ன என்று விசாரிக்க வேண்டும். சாம்பல், ரசாயன நாற்றம், லாரிப் புழுதி, அதில் ஏதோ ஒன்று என்று இருந்துவிட்டோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அப்புறம் படி இல்லாத இடத்திலும் வாங்கியது. பீடியா என்று கேட்டார்கள், பழக்கமே இல்லை. டி.பி.யா என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டாள். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

அவர் பெருமையாகவே சொன்னார். அவள் எக்ஸ்ரேயை மெதுவாகக் கீழே வைத்தாள். அந்தத் துணியின் தூசு நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது, நுரையீரல் தழும்பாகி இறுகிக்கொண்டு வருகிறது, அதைத் திரும்ப எடுக்க வழியில்லை என்றாள். வீட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். உதறாதீங்க, கிழிக்காதீங்க, பெருக்காதீங்க, ஈரமாக்கி ரெண்டு பையில போட்டுக் கட்டுங்க, வாயையும் மூக்கையும் மூடிக்கோங்க, குழந்தைங்களைக் கிட்ட விடாதீங்க என்று மூச்சு விடாமல் சொன்னாள். கூரை ஷீட் உடையாமல் நல்லா இருந்தா தொடாதீங்க, பெயிண்ட் அடிச்சு விட்டுடுங்க என்றாள். "நீங்களா செய்யறதைவிட இதுக்குன்னே கம்பெனி இருக்கு, அவங்களைக் கூப்பிட்டா நல்லது" என்றும் சொன்னாள். நல்ல பெண். எங்கள் தெருவை அவள் பார்த்ததில்லை.

நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். கப்பல் சமாச்சாரம் என்றால் எல்லா வகைக் கம்பெனியின் விசிட்டிங் கார்டும் எங்கள் டிராயரில் கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒன்றுக்குப் போன் பண்ணினேன். டை கட்டிய ஒரு ஆள் ஏசி காரில் வந்தார். கார் சந்துக்குள் நுழையாமல் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட, சாக்கடையைத் தாண்டித் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் கலர் கலராக ஒரு புத்தகம். அதில் வெள்ளை உடுப்பு போட்டு முகம் மூடிய வெளிநாட்டு ஆட்கள் ஏதோ நிலாவில் இறங்கினவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

நிமிர்ந்து கூரையை மட்டும் பார்த்தார். வீட்டையே பிளாஸ்டிக்கால் மூட வேண்டும், காற்றை உறிஞ்ச மெஷின் வைக்க வேண்டும், வேலை முடிகிறவரை நாங்கள் ஓட்டலில் தங்க வேண்டும், கழிவைக் கொட்டத் தனி லாரி, தனிப் பள்ளம், கடைசியில் காற்றைச் சோதித்து ஒரு சர்டிபிகேட் என்று விளக்கினார். எவ்வளவு ஆகும் என்றேன். சொன்னார். என் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றுவிட்டது.

"சார், அந்தக் காசுக்கு இந்த வூட்டை ரெண்டு தபா வாங்கலாமே" என்றார்.

"வீட்டை நாங்க வாங்கறதில்லை சார். தெருவா சேர்ந்து கொடுத்தீங்கன்னா டிஸ்கவுண்ட் உண்டு."

காரில் ஆள் வந்திருக்கிறார் என்று தெரிந்து எதிர்வீட்டு அக்கா அதற்குள் டீ கொண்டுவந்துவிட்டாள். கொதிக்கிற பாத்திரத்தைத் தன் கரித்துணியால் பிடித்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். ஊற்றும்போது இரண்டு சொட்டு அவர் புத்தகத்தில் சிந்தியது. அவர் அந்தத் துணியையே எடுத்துத் துடைத்தார். துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்கே, கதரா?" என்றார். இதை எடுக்கத்தான் சார் உங்களைக் கூப்பிட்டேன் என்றேன். மனுஷன் டீயைக் குடிக்கவில்லை. எங்கள் குழாயடியில் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, வந்ததைவிட வேகமாகச் சாக்கடைகளைத் தாண்டிப் போனார்.

சரி, கூரை இருக்கட்டும், துணியையாவது ஒழிப்போம் என்று இறங்கினேன். என் வீட்டில் இருந்ததை நனைத்து, ஆபீசிலிருந்து கொண்டுவந்த தடித்த பாலிதீனில் கட்டி மூலையில் வைத்தேன். பிறகு வீடு வீடாகப் போனேன். அந்த மார்கழியில் நான் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் துணியாலதான் அவருக்கு நெஞ்சு போச்சு, குடுத்துடுங்க என்று கேட்டால், புருஷன் ஆசையாகக் கொடுத்ததைப் பொண்டாட்டி திருப்பிக் கேட்கிறாள் என்று பேசினார்கள். இஸ்திரிக்காரர், "உன்க்கு வேணும்னா வேற துணி வாங்கித் தரேம்மே, இத்த மட்டும் கேக்காத" என்றார். ஒரு வீட்டில் அதைத் தொட்டிலுக்கு அடியில் மடித்துப் போட்டிருந்தார்கள். அவருக்கு வந்தது அந்தத் தொட்டிலுக்கும் வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

அக்கா மட்டும் நல்ல மனசோடு, "போகி வர்துல்ல, அன்னிக்கிக் கயிச்சிடறேன்" என்றாள். எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

போகியன்று விடிகாலையில் தெருமுனையில் பழைய பாய், கிழிந்த டயர், முறம் எல்லாம் போட்டுக் கொளுத்தினார்கள். அக்கா தன் இட்லிக் குண்டான் போர்வையை அதில் போட்டுவிட்டு, பீடை ஒழிந்தது என்று வீட்டுக்குப் போனாள். பாய் எரிந்தது, டயர் எரிந்தது, விடிந்து நெருப்பு தணிந்தது. சாம்பலுக்கு நடுவில் அந்தத் துணி முழுசாகக் கிடந்தது. பத்து வருஷ இட்லிக் கறையும் கரியும் போய், புதுசாகத் தறியிலிருந்து இறக்கினது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அக்கா பார்த்தாள். அப்படியே சாம்பலில் விழுந்து கும்பிட்டாள்.

பொங்கல் பானை பொங்குவதற்குள் துணி அம்மன் இடுப்பில் ஏறிவிட்டது. நெருப்பில் எரியாத பாவாடை. கொருக்குப்பேட்டையிலிருந்தும் மாத்தூரிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்தார்கள். எங்கள் தெருவில் பாதி ஆண்கள் பாய்லர் பக்கமும் ஃபவுண்டரியிலும் வேலை செய்தவர்கள். அந்தத் துணி ஏன் எரியாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஆளும் பேரும் வரப்போக இருந்ததைப் பார்த்துவிட்டு வட்டச் செயலாளர் வந்து கும்பிட்டார், வருஷக்கணக்கில் மனு கொடுத்தும் வராத தெருவிளக்கு மறுவாரமே வந்தது. வெளிச்சம் வந்த பிறகு உண்மை பேசி யாருக்கு என்ன லாபம்?

என் வீட்டுக்காரர் பேசினார், பாவம். கோயிலுக்குப் போய், துணியின் ஓரத்தைக் காட்டி, "யக்கா, இது என் தையலு. நான் உன்க்குக் குட்த்த துணி. ஆஸ்பெட்டாஸு. எரியாது. இதான் என் நெஞ்சுக்குள்ளயும் கீது" என்றார். அத்தனையும் சொல்ல அவருக்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அக்கா கண்ணீரோடு கேட்டுவிட்டு, "பாத்தியா, எத்தினியோ பேரு கீறாங்க, அவ உன் கையாலதான் பாவாட கேட்டுகீறா" என்றாள். அன்றிலிருந்து தெருவில் அவரைப் பார்த்துச் சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். அவருக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் இருமல் வரும். அருள் என்று நினைத்து இன்னும் ரெண்டு போட்டுக்கொள்வார்கள்.

இதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். தை வெள்ளிக்கிழமை அம்மன் பாவாடையைக் கிழித்துத் தெருக் குழந்தைகள் எல்லோருக்கும் கையில் கயிறாகக் கட்டுவதாக அக்கா அறிவித்தாள். இருமல் அண்டாமல் இருப்பதற்கு. கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. போய்ச் சண்டை போட்டேன். டாக்டரம்மா சொன்னதை வரி பிசகாமல் சொன்னேன். "டாக்டர் பெருசா அம்மன் பெருசா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு எங்கள் தெருவில் ஒரே பதில்தான். அந்தப் பதிலைத்தான் நானும் கடைசியில் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டேன். கோயிலில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தொட்டில் வீட்டுக்காரி கைக்குழந்தையோடு முதலில் நின்றாள். அக்கா துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் போனபோது நான் தலையைச் சிலுப்பினேன். கொண்டை கிளிப் தெறித்து விழுந்தது, முடி அவிழ்ந்தது. வருஷா வருஷம் அக்கா ஆடுவதைப் பார்த்தவள் நான். பல்லைக் கடிப்பது, கண்ணை மேலே சொருகுவது, இடுப்பை ஒடிப்பது, எல்லாம் எனக்கு மனப்பாடம். பம்பைக்காரர் இரண்டாவது சாமி வந்த உற்சாகத்தில் அடியைக் கூட்டினார். மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள்.

அக்கா துணியோடு நின்றாள். "வந்துகீறது யாரு?" என்றாள்.

"இந்தத் தெருவுல குந்திகினு கீறவதான்டி" என்றேன். "என் பாவாடயக் கியிக்க உன்க்கு இன்னா தெகிரியம்?"

அவள் கை நின்றது. எனக்குத் தைரியம் வந்தது. டாக்டரம்மா சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

"ஒலர்ந்த துணிய உடுத்திகீறீங்களேடா எனக்கு. நனைங்கடா."

மஞ்சள் தண்ணீர் குடம் குடமாகத் துணி மேல் விழுந்தது.

"என் கிட்ட வர்றவங்க வாயக் கட்டு. உங்க மூச்சு என் மேல படக் கூடாது."

தாவணி, துண்டு, கைக்குட்டை, ஆளுக்கொன்றை எடுத்து வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். டை கட்டிய ஆளின் புத்தகத்தில் இருந்த படம் அப்படியே மஞ்சள் கலரில் என் முன்னால் நின்றது.

"கொயந்தைங்கள அப்பால அனுப்பு. ஒவ்வொரு வூட்லயும் என் துண்டு கீது. நனைச்சி, ஒதறாம, கியிக்காம, ரெண்டு பையில போட்டு எட்த்தா. டிரம்முல வெச்சி என் காலடியில பொதை. மேல சிமிட்டியப் போட்டு மூடு. எவ வூட்லயாச்சும் ஒரு நூலு தங்குச்சி, நான் சும்மா உட மாட்டேன்."

"தாயே, வண்டி மேல கீறதுமா?" இஸ்திரிக்காரர் கும்பிட்டபடி கேட்டார்.

"அதான்டா மொதல்ல."

கூட்டத்திலிருந்து ஒருவர், "கூரையெல்லாம் அதே சரக்குதானே தாயே, அத்த இன்னா பண்றது?" என்று கேட்டார். ஃபவுண்டரி ஆள். வேண்டுமென்றேதான் கேட்டார்.

"ஒடைக்காத. ஓட்டை போடாத. பெயிண்ட் அடி."

"இன்னா கலரு தாயே?"

இதை டாக்டரம்மா சொல்லவில்லை. "மஞ்சளு" என்றேன். இன்றைக்கும் ரயிலில் போகிறவர்கள் எங்கள் தெருக் கூரைகளைப் பார்த்து ஏதோ கட்சிக் கொடி என்று நினைக்கிறார்கள்.

கூட்டத்துக்குப் பின்னால், புதுத் தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு என் வீட்டுக்காரர் நின்றார். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு. வீட்டை ரெண்டு தபா விற்றாலும் முடியாத வேலை ஒரு குடம் மஞ்சள் தண்ணீரில் முடிந்துகொண்டிருந்தது. மலையேறிவிடலாம் என்று கற்பூரம் கேட்கப் போனேன்.

அப்போது அக்கா என் காலில் விழுந்தாள். "தாயே, இவ்ளோ சொன்ன. இந்தப் பொண்ணோட புருசன், உனக்குப் பாவாட குட்த்த புள்ள, மூச்சு வாங்கிகினே கீறான். அவன் எப்போ நல்லாவான்? அத்த மட்டும் சொல்லிட்டுப் போ."

பம்பை நின்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயிலிருந்த துண்டைக் கீழே இறக்கியிருந்தார். சிரிப்பு இல்லை. நான் நடிக்கிறேன் என்று அந்தக் கூட்டத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர். அந்த ஆளும் கழுத்தை நீட்டி, மற்றவர்களைப் போலவே பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

பெயிண்ட் கலரை யோசிக்காமல் சொன்ன வாய்க்கு இது வரவில்லை. ஆடிக்குள் சரியாகிவிடும் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். அந்த எக்ஸ்ரே வெளிச்சம் என் கண் முன்னால் வந்து நின்றது. அப்படியே கீழே விழுந்தேன். சாமி மலையேறிடுச்சு, சாமி மலையேறிடுச்சு என்று சொல்லிக்கொண்டே என் நெற்றியில் திருநீறு அப்பினார்கள்.

துணி எல்லாம் வந்து சேர்ந்தது. தொட்டில் வீட்டிலிருந்து, இஸ்திரி வண்டியிலிருந்து, ஒரு நூல் பாக்கியில்லாமல். ஃபவுண்டரிக்காரரே பள்ளம் தோண்டினார். டிரம்மை இறக்கிச் சிமெண்ட் பூசி அதற்கு மேல் மேடை கட்டினார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவுக்குள் அவர் கொண்டுவந்ததெல்லாம் அந்த மேடைக்கடியில் போனது. நெஞ்சுக்குள் கொண்டுவந்தது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை எடுக்க எஸ்டிமேட் போடுகிற கம்பெனி எதுவும் எங்கள் டிராயரில் இல்லை. அந்த ஆடியை அவர் பார்க்கவில்லை.

ஆடிக் கூழ் ஊற்றுகிற அன்று நான் சொம்போடு போய் வரிசையில் நின்றேன். அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூட்டிப்போனாள். இத்தனை நாள் கழித்து, அன்று நடித்ததை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நான் வாயெடுத்தேன்.

"எனக்குத் தெரியும்மே" என்றாள். "துணி எரியாததப் பாத்துட்டு, உன் மேல வந்ததும் மெய்யாலுமே அவதான்னு நம்பிட்டேன். நீ பெயிண்ட் அடின்ன பாரு, அப்பவே புரிஞ்சுபோச்சி. அம்மனுக்கு இன்னாத்துக்குப் பெயிண்ட்டு?"

"தெரிஞ்சுகினே ஏன்க்கா அந்தக் கேள்வி கேட்ட?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாமி வாயால ஒரு பொய்யி வந்தா, இருக்கற நாளைக்கு அந்தப் புள்ள கொஞ்சம் நிம்மதியா மூச்சு உடுவானேன்னுதான் கேட்டேன். நீதான் மலையேறிட்ட" என்றாள். என் சொம்பை வாங்கிக் கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போனாள்.